அயர்லாந்து எந்த அணியிலும் இல்லையாம். அப்புறம் லெபனானில் என்ன வேலை?

கேள்வி இதுதான்: அயர்லாந்து நேட்டோவில் இல்லை. போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. முப்படையும் சேர்த்தே எட்டாயிரம் பேர் தேறமாட்டார்கள். ஆனால் ஐ.நா. அமைதிப்படை என்று பேச்செடுத்தால் அந்த நாட்டுப் பெயர் வந்துவிடுகிறது. நடுநிலை நாடு என்றால் பேசாமல் வீட்டில் இருக்கவேண்டியதுதானே? அந்த நடுநிலை நிஜமா, இல்லை பேச்சுக்குச் சொல்வதா?

நிஜம்தான் என்பது என் பதில். ஆனால் சட்டப் புத்தகத்தில் தேடினால் அகப்படாது. காங்கோவிலும் லெபனானிலும் தேடவேண்டும். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பம். தமிழில் 'நடுநிலை', 'அணிசேராமை' இரண்டையும் ஒன்றுபோலவே புழங்குகிறோம். நேரு காலத்து இந்தியா கடைப்பிடித்தது அணிசேராமை. அமெரிக்கா பக்கமும் சோவியத் பக்கமும் சாயமாட்டேன், ஆனால் என் சண்டையை நான் போடுவேன் என்பது அது. அயர்லாந்து அணிசேரா இயக்கத்தில் எப்போதும் உறுப்பினராக இருந்ததில்லை. பனிப்போர் முழுக்க மனதளவில் மேற்குலகத்தோடுதான் இருந்தது. 1973-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. உக்ரைன் விஷயத்தில் யார் பக்கம் என்பதை ஒளித்துவைக்கவும் இல்லை. அந்த ஊர் அரசியல்வாதிகள் வெறுமனே நடுநிலை என்று சொல்லாமல் 'ராணுவ நடுநிலை' என்றே கவனமாகச் சொல்வார்கள். ராணுவக் கூட்டணியில் சேரமாட்டோம், ஒருவரை அடித்தால் எல்லோரும் திருப்பி அடிப்போம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டோம். அவ்வளவுதான் அதன் பொருள். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

இதற்குச் சட்டத்தில் என்ன ஆதாரம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சுவிட்சர்லாந்தின் நடுநிலையை 1815-லேயே ஐரோப்பிய வல்லரசுகள் எழுத்தில் ஏற்றுக்கொண்டன. ஆஸ்திரியா 1955-ல் அதற்கென்றே அரசியலமைப்புச் சட்டம் இயற்றியது. அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 'நடுநிலை' என்ற சொல்லே கிடையாது. நாடுகளுக்கிடையே அமைதியும் நட்பும் வேண்டும், தகராறுகளைச் சமாதானமாகத் தீர்க்கவேண்டும் என்று 29-ஆவது பிரிவு பொதுவாகச் சொல்கிறது. கீழவையின் சம்மதம் இல்லாமல் போர் அறிவிக்கக்கூடாது என்கிறது 28-ஆவது பிரிவு. ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தால் அதில் அயர்லாந்து சேராது என்ற வரி 2002-ல்தான் உள்ளே வந்தது. அதுவும் எப்படி? 2001-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்துக்கு வாக்கெடுப்பில் மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். ஐரோப்பிய ராணுவத்தில் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவீர்கள் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயத்தைத் தணித்து, மறு வருடம் மறுபடி வாக்குக் கேட்டு, ஒப்புதல் வாங்கினார்கள்.

அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? துறைமுகத்திலிருந்து. 1921-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டுத் தென் அயர்லாந்து தனி நாடானபோது மூன்று துறைமுகங்களைப் பிரிட்டிஷ் கடற்படை தன் கையில் வைத்துக்கொண்டது: தெற்கே கோவ், தென்மேற்கே பெரஹேவன், வடக்கே லோக் ஸ்விலி. அடுத்தவன் போர்க்கப்பல் உன் வீட்டுத் திண்ணையில் நிற்கும்போது நீ நடுநிலை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பிரதமர் ஏமன் டி வலேரா 1938-ல் பேசிப் பேசி அந்த மூன்றையும் திரும்ப வாங்கினார். மறு வருடமே உலகப் போர். துறைமுகம் கைக்கு வராமல் இருந்திருந்தால் நடுநிலை என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

போர்க்காலத்தை அங்கே 'எமர்ஜென்சி' என்றுதான் சொல்வார்கள். உலகமே தீப்பற்றி எரிகிறது, இவர்கள் அதற்கு வைத்த பெயர் அவசரநிலை. (நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு 1975 ஞாபகம் வரும், அது வேறு.) 1940 ஜூனில் பிரிட்டன் ஒரு தூண்டில் போட்டது: எங்களோடு போரில் சேருங்கள், வட அயர்லாந்தை உங்களோடு இணைக்க வழி செய்கிறோம் என்று. டி வலேரா மறுத்துவிட்டார். வாக்கு நிறைவேறும் என்று அவர் நம்பவில்லை. அதைவிட, உள்நாட்டுப் போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகாத நாடு அது. பிரிட்டனுக்குத் தோள் கொடுத்தால் உள்ளேயே ரத்தம் சிந்தும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த நடுநிலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். விமானம் விழுந்து சிக்கிய ஜெர்மன் விமானிகள் போர் முடியும்வரை கர்ரா முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். நேச நாட்டு விமானிகளில் பெரும்பாலோர் சத்தமில்லாமல் வடக்கு எல்லை தாண்டி அனுப்பிவைக்கப்பட்டார்கள். வானிலை அறிக்கைகள் நாள் தவறாமல் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. மேயோ மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பிளாக்சாட் என்று ஒரு முனை. அங்கே அஞ்சலகத்தில் வேலை பார்த்த மொரீன் ஃபிளாவின் என்ற இளம்பெண், 1944 ஜூன் 3 அன்று, அதுவும் தன் 21-ஆவது பிறந்தநாளில், காற்றழுத்தமானி சட்டென்று இறங்குவதைக் குறித்து அனுப்பினார். இங்கிலாந்திலிருந்து தொலைபேசி வந்தது: சரியாகத்தான் பார்த்தீர்களா, மறுபடி பாருங்கள் என்று. மறுபடி பார்த்தார், அதேதான். ஜூன் 5-க்குக் குறித்திருந்த நார்மண்டி படையிறக்கம் ஒரு நாள் தள்ளிப்போனதற்கு அந்த அளவீடுகள் முக்கியக் காரணம். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கே பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

அதே டி வலேராதான் 1945 மே 2 அன்று ஜெர்மன் தூதரைப் போய்ப் பார்த்து ஹிட்லரின் சாவுக்குத் துக்கம் விசாரித்தார். மரபுப்படி செய்யவேண்டியதைச் செய்தேன் என்றார். உலகம் காறித் துப்பியது. எனக்கும் அது சகிக்கவில்லை. தன் நாடு உண்மையில் யாருக்கு உதவியது என்று தெரிந்த மனிதர், அதை மறைக்க வேண்டிய அவசியமே போன பிறகு, விதியின் எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

1949-ல் நேட்டோ தொடங்கியபோது அயர்லாந்தைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. காரணமாக அமைதிக் கொள்கையைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் தீவின் ஒரு பகுதியை வைத்திருக்கும் பிரிட்டனோடு ஒரே கூட்டணியில் எப்படி உட்காருவது என்பதே பதில். 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சந்தையில் சேர விண்ணப்பித்த பிரதமர் ஷான் லெமாஸ், உள்ளே விடுவீர்கள் என்றால் நடுநிலையை விட்டுக்கொடுக்கவும் தயார் என்ற தொனியிலேயே பேசினார். அன்றைக்குத் தலைவர்களுக்கு இது கொள்கை கிடையாது, கைச்சரக்கு. மக்களுக்கு அது கொள்கையாக மாறியது வேறு ஒரு வழியில்.

அந்த வழி ஐ.நா. 1955 டிசம்பரில் உறுப்பினரானது. 1958-ல் லெபனானுக்கு ஐம்பது அதிகாரிகளைப் பார்வையாளர்களாக அனுப்பியது. அன்றிலிருந்து இன்றுவரை ஏதாவது ஓர் ஐ.நா. பணியில் ஐரிஷ் வீரர் இல்லாத நாள் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் நாடு முழுக்க இதை உணர்ந்தது 1960-ல், காங்கோவில்.

பெல்ஜியம் விட்டுப்போன கையோடு காங்கோ உடைந்தது. தாமிரமும் கோபால்ட்டும் கொழிக்கும் கட்டங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் படை திரட்டினார். ஐரோப்பிய நாடாக இருக்கவேண்டும், ஆனால் யாரையும் அடிமைப்படுத்திய வரலாறு இருக்கக்கூடாது. இந்தப் பொருத்தம் பார்த்தால் சுவீடன், அயர்லாந்து என்று சில பெயர்கள்தான் மிஞ்சும். ஐரிஷ் ராணுவத்தில் கை தூக்கியவர்கள் ஏராளம். வெளிநாட்டில் பணியாற்றச் சட்டமே அப்போது இல்லை. முதலில் தன்னார்வலர்களாகப் போனார்கள், சட்டம் அந்த வருடக் கடைசியில்தான் வந்தது. கம்பளி உடுப்போடு நிலநடுக்கோட்டுப் பக்கம் போய் இறங்கினார்கள் பாவம்.

1960 நவம்பர் 8, நியம்பா என்ற ஊர். பாலம் ஒன்று உடைக்கப்பட்டுக் கிடந்தது, அதைச் சரிசெய்ய 11 பேர் கொண்ட குழு போனது. பலுபா இனத்தவர் வில்லும் அம்புமாக எதிரே வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இவர்களும் கட்டங்காவின் வெள்ளைக்காரக் கூலிப்படைதான். ஒன்பது பேர் செத்தார்கள். உடல்கள் டப்ளின் வந்தபோது தெருவில் லட்சக்கணக்கானோர் நின்றார்கள். யாரோடும் சண்டை வேண்டாம் என்று இருந்த நாடு, யாருக்காகவும் இல்லாமல், எல்லோருக்காகவும் என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகளைப் புதைத்தது. 'எங்கள் நடுநிலை என்றால் இது' என்று ஒரு சாதாரணக் குடும்பம் சொல்லத் தொடங்கியது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது ஜாடோட்வில். இந்தக் கதையை நான் எத்தனை தடவை படித்திருந்தாலும் சலிக்காது. 1961 செப்டம்பர், 35-ஆவது பட்டாலியனின் 'ஏ' கம்பெனி, 155-க்கு மேல் ஆட்கள், தலைவர் கமாண்டன்ட் பாட் குயின்லன். அந்தச் சுரங்க நகரத்து பெல்ஜியர்களைப் பாதுகாக்கச் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் அந்த பெல்ஜியர்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. ஏதோ சரியில்லை என்று மணத்தைப் பிடித்த குயின்லன், வந்ததும் வராததுமாகப் பதுங்குகுழி வெட்டச் சொன்னார். தண்ணீர் நின்றுபோகுமுன் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்துவைக்கச் சொன்னார். 13-ஆம் தேதி கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் ஐ.நா. படை நடவடிக்கையைத் தொடங்கியது. அதன் எதிரொலியாக இங்கே, திறந்த வெளியில் பூசை நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்துக் கட்டங்கா படை பாய்ந்தது. கூலிப்படையும் உள்ளூர்ப் போராளிகளுமாக எண்ணிக்கையில் பல மடங்கு. மேலே ஒரு ஃபூகா மஜிஸ்டர் ஜெட் வேறு, வந்து வந்து குண்டு போட்டது. மீட்க வந்த படை லுஃபிரா பாலத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு முறை திரும்பியது. தண்ணீர் தீர்ந்தது. ஹெலிகாப்டரில் தண்ணீர் வந்தது, ஆனால் எரிபொருள் வைத்திருந்த கேன்களில் பிடித்து அனுப்பியதால் வாயில் வைக்க முடியவில்லை. கடைசித் தோட்டாவரை தாக்குப்பிடிப்போம், கொஞ்சம் விஸ்கி இருந்தால் நன்றாயிருக்கும் என்று வானொலியில் செய்தி போனது.

ஐந்தாம் நாள் தோட்டா தீர்ந்து சரணடைந்தார்கள். ஒரே ஒரு ஐரிஷ் வீரர்கூடச் சாகவில்லை. ஐந்து பேருக்குக் காயம். அன்றிரவே, போர்நிறுத்தம் பேசப் புறப்பட்ட ஹாமர்ஷோல்டின் விமானம் ந்டோலா அருகே விழுந்து அவர் இறந்தார். வீரர்கள் ஒரு மாதச் சிறைக்குப் பிறகு விடுதலையானார்கள். ஊர் திரும்பினால் மாலை மரியாதை இல்லை. சரணடைந்தவர்கள் என்ற அவப்பெயர்தான் பல்லாண்டு ஒட்டிக்கொண்டது. அரசு முறைப்படி அந்தப் படைப்பிரிவைப் பாராட்டியது 2016-ல். பதக்கம் 2017-ல். குயின்லன் 1997-லேயே போய்ச்சேர்ந்துவிட்டார்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. காங்கோவின் ஐ.நா. படைக்கு அப்போது தளபதி ஐரிஷ்காரர், ஜெனரல் ஷான் மக்கியோன். அவர் தலைமையின் கீழ்தான் இந்திய கூர்க்கா படையும் இருந்தது. 1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில் விமான நிலையச் சாலையில் தடையை உடைக்கப் போய் உயிர்விட்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. ஐ.நா. பணியில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் 'அமைதிப்படை' என்றதும் நம்மில் பலருக்கு 1987-90-ல் இலங்கைக்குப் போன இந்தியப் படைதான் மனதில் வரும், அந்தக் கசப்போடு. அது வேறு வகை. பக்கத்து நாடு, இரு அரசுகள் போட்ட ஒப்பந்தம், போன படைக்கு அந்தப் பிரச்சினையில் சொந்த நலன். ஐ.நா. முறையில் முதலில் பார்ப்பது இதைத்தான்: உனக்கு இங்கே என்ன ஆதாயம்? பக்கத்து வீட்டுக்காரனைப் பஞ்சாயத்துக்கு வைப்பதில்லை. எங்கோ தூரத்தில் இருக்கிற, எதையும் பிடுங்கிக்கொண்டு போக வலுவில்லாத நாடு வந்தால் இரு தரப்பும் கதவைத் திறக்கும். சின்ன நடுநிலை நாட்டுக்கு இங்கே மவுசு வருவது அந்த வலுவின்மையால்தான். அந்த நாட்டுக்கும் லாபம் உண்டு, தர்ம காரியம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். சொந்த நாட்டுக்குள் பயிற்சிமைதானத்தைத் தாண்டி ஒன்றும் பார்க்காத ராணுவம் நிஜமான அனுபவம் பெறுகிறது. வீரருக்கு வெளிநாட்டுப் படி கிடைக்கிறது. நாட்டுக்கு மேசையில் நாற்காலி கிடைக்கிறது. 2020-ல் பாதுகாப்புக் கவுன்சில் தேர்தலில் கனடாவைத் தோற்கடித்து அயர்லாந்து உள்ளே போனதை வேறு எப்படி விளக்குவது?

மரியாதை எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதற்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. வெளியுறவு அமைச்சர் ஃபிராங்க் எய்க்கன், ஒரு காலத்தில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசுப் படையின் தலைமைத் தளபதி, 1958-லிருந்து ஐ.நா.வில் அணு ஆயுதம் பரவக்கூடாது என்று தீர்மானம் மேல் தீர்மானமாகக் கொண்டுவந்தார். 1961-ல் ஒருமனதாக நிறைவேறியது. 1968-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தபோது முதல் கையெழுத்தைப் போட அவரைத்தான் மாஸ்கோவுக்கு அழைத்தார்கள்.

சரி, லெபனான். 1978-ல் இஸ்ரேல் தெற்கு லெபனானுக்குள் புகுந்ததும் 'யூனிஃபில்' என்ற ஐ.நா. இடைக்காலப் படை உருவானது. பெயரில் 'இடைக்கால' என்று இருக்கிறது. அந்த இடைக்காலம் நாற்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் சில வருட இடைவெளி விட்டாலும் ஐரிஷ் வீரர்கள் திரும்பத் திரும்ப அங்கேதான். ராணுவக் குடும்பங்களில் அதை 'தி லெப்' என்பார்கள், ஆறு மாதப் பணிக்குப் பெயர் 'ட்ரிப்'. அப்பா போன அதே குன்றுக்கு மகன் போயிருக்கிறான். திப்னீன் ஊர் அனாதை இல்லத்துக்கு ஒவ்வொரு பட்டாலியனும் பணம் திரட்டிக் கொடுக்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தில் ஐரிஷ் வாடை அடிக்கும் என்று சிரித்துச் சொல்வார்கள்.

சிரிப்பு மட்டும் இல்லை. அங்கே இறந்த ஐரிஷ் வீரர்கள் நாற்பதுக்கும் மேல், வேறு எந்த ஐ.நா. பணியிலும் அவ்வளவு பேரை அந்த நாடு இழக்கவில்லை. 1980 ஏப்ரலில் அத்-திரி கிராமத்தை இஸ்ரேல் ஆதரவுப் போராளிகளிடமிருந்து காக்க நடந்த மோதலுக்குப் பின், நிராயுதபாணிகளாக மாட்டிய இரண்டு வீரர்களைக் கடத்திக் கொன்றார்கள். அதற்குத் தண்டனை கிடைத்தது 2020-ல். குற்றவாளி அதற்கு முன் அமெரிக்காவில் பல வருடம் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். 2022 டிசம்பரில் பெய்ரூட்டுக்குப் போகும் வழியில் வண்டியைச் சூழ்ந்துகொண்டு சுட்டதில் ஷான் ரூனி என்ற இளம் வீரர் இறந்தார். 2024 அக்டோபரில் இஸ்ரேல் படை மறுபடி உள்ளே வந்து, எல்லையோர ஐரிஷ் காவல்நிலை ஒன்றுக்குப் பக்கத்திலேயே டாங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஐ.நா. இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். இவர்கள் நகரவில்லை. சுடவும் இல்லை, போகவும் இல்லை. அமைதிப்படையின் வேலை பெரும்பாலும் அதுதான்: நின்று, பார்த்து, எழுதிவைத்து, சாட்சியாக இருப்பது. போரைத் தடுத்தார்களா என்று கேட்டால், இல்லை. அந்தக் கிராமங்களில் சாதாரண நாட்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்களா என்று கேட்டால், ஆமாம்.

இப்போது எதிர்த்தரப்பு. 'நடுநிலை என்று சொல்லிக்கொண்டு அடுத்தவன் செலவில் பாதுகாப்பாக இருக்கிறார்கள்' என்பது ஐரோப்பாவில் பரவலாகக் கேட்கும் குற்றச்சாட்டு. அதில் பாதிக்கு மேல் உண்மை என்றே நினைக்கிறேன். சுவிட்சர்லாந்தின் நடுநிலைக்குப் பின்னால் கட்டாய ராணுவச் சேவையும் போர் விமானங்களும் மலைக்குள் குடைந்த அரண்களும் இருக்கின்றன. அயர்லாந்தின் பாதுகாப்புச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.3 சதவீதத்தைக்கூட எட்டாமல், ஐரோப்பிய ஒன்றியத்தின் கடைசி வரிசையில் கிடக்கிறது. (பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கால் அந்த நாட்டு உற்பத்தி ஊதிக் காட்டப்படுகிறது, அதைக் கழித்துப் பார்த்தாலும் குறைவுதான்.) ஜாடோட்வில்லில் தலைமேல் குண்டு போட்ட அதே ஃபூகா மஜிஸ்டர் ரக விமானத்தைத்தான் ஐரிஷ் விமானப்படை பின்னாளில் வாங்கி 1999 வரை ஓட்டியது. அது ஓய்வு பெற்றபின் ஜெட் போர் விமானம் ஒன்றும் இல்லை. ரஷ்யக் குண்டுவீச்சு விமானம் பக்கத்தில் வந்தால் பிரிட்டிஷ் விமானப்படைதான் எழுந்து வருகிறது. கடற்படையில் கப்பல் உண்டு, ஓட்ட ஆள் இல்லாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் இணையக் கேபிள்களில் பெரும்பகுதி அந்தக் கடலுக்கு அடியிலோ பக்கத்திலோதான் போகிறது.

அயர்லாந்தின் ஷானன் விமான நிலையம் இன்னொரு உறுத்தல். 2003 ஈராக் போரில் அமெரிக்க வீரர்கள் அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். டப்ளினில் லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தானே அமைதிப்படையில் இருந்தவர், அரசின்மேல் வழக்குப் போட்டார். நடுநிலை நாடு போரிடும் படைக்கு இப்படி வழிவிடுவது சர்வதேச வழக்காற்றுச் சட்டத்தின்படி சரியில்லை என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் அதைக் கொள்கையாக்கி அரசைக் கட்டாயப்படுத்த நீதிமன்றத்தால் முடியாது என்று வழக்கைத் தள்ளினார். சட்டத்தில் நடுநிலை இல்லை என்று முன்னே சொன்னேனே, அதன் நடைமுறை அர்த்தம் இது.

ஒரு வேடிக்கையும் நடந்தது. 2022 ஜனவரியில் அயர்லாந்தின் தென்மேற்கே, அதன் பொருளாதாரக் கடல் எல்லைக்குள், ரஷ்யக் கடற்படை பீரங்கிப் பயிற்சி நடத்தப்போவதாக அறிவித்தது. சர்வதேசச் சட்டப்படி அரசால் தடுக்க முடியாது. காசில்டவுன்பேர் மீனவர்கள், அது நாங்கள் மீன்பிடிக்கும் இடம், நாங்கள் அங்கே போய் வலை போடுவோம் என்றார்கள். ரஷ்யத் தூதரைப் போய்ப் பார்த்துப் பேசினார்கள். ரஷ்யா பயிற்சியை எல்லைக்கு வெளியே நகர்த்தியது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. காசில்டவுன்பேர் இருப்பது பெரஹேவன் கரையில், 1938-ல் டி வலேரா திரும்ப வாங்கிய மூன்று துறைமுகங்களில் ஒன்றில். நல்ல கதைதான். ஆனால் ஒரு நாட்டின் கடல் பாதுகாப்பு மீனவர்களின் வாய்ச்சாமர்த்தியத்தை நம்பி இருந்தால் அடுத்த நாள் தூக்கம் வருமா? அடுத்த மாதமே உக்ரைன்மேல் போர் தொடங்கியது. ஃபின்லாந்தும் சுவீடனும் நேட்டோவுக்குள் போய்விட்டன. அயர்லாந்து போகவில்லை, போவதற்கு மக்களிடம் ஆதரவும் இல்லை.

இந்தச் சூழலில்தான் 'டிரிபிள் லாக்' விவாதம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதற்குள்தான் இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். 12 பேருக்கு மேல் வீரர்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப மூன்று பூட்டுகள் திறக்கவேண்டும்: ஐ.நா.வின் அங்கீகாரம், அரசின் முடிவு, கீழவையின் ஒப்புதல். 1960-ல் காங்கோவுக்காக வந்த சட்டத்தில் தொடங்கி, நீஸ் வாக்கெடுப்புக் காலத்தில் இந்தப் பெயர் ஒட்டியது. மக்களுக்கு, நடுநிலை என்றால் இதுதான். அரசியலமைப்பில் இல்லாத சொல்லுக்கு இந்தப் பூட்டே உடம்பு.

சிக்கல் முதல் பூட்டில். ஐ.நா. அங்கீகாரம் என்றால் பாதுகாப்புக் கவுன்சில், அதில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ. மாசிடோனியா தைவானை அங்கீகரித்ததற்காக 1999-ல் அங்கிருந்த ஐ.நா. பணியின் நீட்டிப்பைச் சீனா வெட்டியது. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே ஒரு சிறிய படை அனுப்பியபோது, உரிய அங்கீகாரம் இல்லை என்று அயர்லாந்தால் சேர முடியவில்லை. 2023-ல் சூடானிலிருந்து குடிமக்களை மீட்க ஆள் அனுப்பியபோதும் 12 என்ற எண்ணுக்குள் நின்றுகொள்ள வேண்டியிருந்தது. 2014-க்குப் பிறகு பெரிய புதிய ஐ.நா. அமைதிப்படை எதற்கும் கவுன்சில் ஒப்புதல் தரவில்லை என்பதையும் அரசு எடுத்துக்காட்டுகிறது. எங்கள் பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்பதில் மாஸ்கோவுக்கு எதற்கு வீட்டோ என்பது அவர்கள் வாதம். 2025 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட மசோதா வரைவு ஐ.நா. பூட்டை எடுத்துவிட்டு, 12-ஐ 50 ஆக்குகிறது. மற்ற இரண்டு பூட்டும் இருக்கும்.

எதிர்ப்பவர்கள் கேட்பதும் நியாயம்தான். அந்தப் பூட்டு இருந்ததால்தான் லெபனான் கிராமத்தில் இவர்களை எந்த அணியின் ஆளாகவும் யாரும் பார்க்கவில்லை. எடுத்துவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் படையாகவோ, யாரோ வல்லரசு கூட்டிய 'விருப்பமுள்ளவர் கூட்டணி'யின் படையாகவோ போய் நிற்பார்கள். அப்போது நியம்பாவில் நடந்ததுபோல், எதிரே வருபவன் இவர்களைக் கூலிப்படை என்று நினைத்தால் அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் கொசோவோவில் நேட்டோ தலைமையிலான படையிலேயே ஐரிஷ் வீரர்கள் 1999-லிருந்து இருந்திருக்கிறார்கள், ஐ.நா. அங்கீகாரத்தோடுதான். 2008-ல் சாட் நாட்டில் ஐரோப்பியப் படைக்கு ஐரிஷ் ஜெனரல்தான் தலைமை தாங்கினார். ஆகவே கோடு நினைப்பதுபோல் அவ்வளவு சுத்தமாகவும் இல்லை.

என்னைக் கேட்டால், பூட்டை மாற்றுவதைவிட அவசரம் கப்பலுக்கு ஆள் பிடிப்பது. ராணுவத்தின் பலத்தை 11,500 ஆக்கவேண்டும் என்று 2022-லேயே அரசு அமைத்த ஆணையம் பரிந்துரைத்தது. அதன்பின் சேருகிறவர்களைவிட விலகுகிறவர்கள் அதிகமாக இருந்த வருடமும் உண்டு. டப்ளின் வாடகையில் ராணுவச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி என்று எந்த சார்ஜென்ட்டும் சொல்வார்.

இதற்கிடையில் 2025 ஆகஸ்டில் பாதுகாப்புக் கவுன்சில் யூனிஃபிலுக்குக் கடைசித் தேதி குறித்துவிட்டது: 2026 டிசம்பர் 31-ஓடு பணி முடியும், அடுத்த ஒரு வருடத்துக்குள் ஆட்கள் கிளம்பவேண்டும். அயர்லாந்தின் மிகப் பெரிய வெளிநாட்டுப் பணி அது, முந்நூறு பேருக்கு மேல். கோலான் குன்றுகளிலிருந்து 2024-லேயே படையைத் திரும்பக் கூப்பிட்டாயிற்று. லெபனானிலிருந்து கிளம்பும் அந்த முந்நூறு பேர் அடுத்து எங்கே போவார்கள், யார் கொடியின் கீழ் போவார்கள் என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என்னைவிட நல்ல பதில் கிடைக்கும்.